சுரங்கத்துக்குள் தானாக ஓடும் வைப்பர்: பிசிஎம் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கொழிஞ்சாம்பாறை காய்வண்டி (பதிவு 1)

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரத்தில் தக்காளி, கத்தரி, முருங்கை ஏற்றி வாரம் ஐந்து நாள் திருச்சூர் சக்தன் மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறேன். சொந்த வண்டி. 12 வோல்ட் பிக்கப், பிஎஸ்6, வாரண்டி முடிந்துவிட்டது. கம்பெனி பெயர் வேண்டாம், நான் சண்டைக்கு வரவில்லை.

போன வாரம் ராத்திரி பன்னியங்கரா டோல் தாண்டி, நல்ல மழையில் குதிரான் சுரங்கத்துக்குள் நுழைந்தேன். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம், உள்ளே ஒரு சொட்டு மழை கிடையாது. வைப்பரை நிறுத்தினேன். நின்றது. பாதி தூரம் போனதும் தானாக ஓட ஆரம்பித்தது. சுவிட்சை எப்படித் திருப்பினாலும் நிற்கவில்லை. ஹாரன் அடித்தால் சத்தம் வராமல் கதவு லாக் டக்கென்று விழுகிறது. கூட வந்த பையன் சாமி கும்பிட ஆரம்பித்துவிட்டான். மண்ணுத்தி வந்ததும் எல்லாம் ஒழுங்காகிவிட்டது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

அதற்கப்புறம் தினம் ஒரு கூத்து. இண்டிகேட்டர் வேகமாக அடிக்கும். சாவியை எடுத்த பிறகும் பார்க்கிங் லைட் எரியும். இரண்டு நாள் காலையில் பேட்டரி சுத்தமாக இறங்கிக் கிடந்தது. ஒருநாள் சாவி போட்டால் சாவி படம் மினுக்குகிறதே தவிர வண்டி எடுக்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டார்கள். யூ0140 என்று ஒரு கோடு, அதாவது பழுதுக் குறியீடு. "பாடி கன்ட்ரோல் மாட்யூல் போயிடுச்சு, மாத்தணும், வேலையோடு சேர்த்து 18,500 ஆகும், பொருள் வரப் பத்து நாள்" என்றார்கள். வைப்பர், லைட், ஹாரன், கதவு லாக் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர் பெட்டி அது, சுருக்கமாகப் பிசிஎம். பழைய சாமான் கடையில் இதே மாடல் வண்டியின் பெட்டி 4,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கி மாட்டிவிடலாமா? ஓணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. அந்த ஓட்டத்தை விட்டால் எனக்கு இந்த வருடம் இல்லை.

மீனாட்சிபுரம் லாரி (பதிவு 2)

பங்காளி, எதற்கு இந்தத் தலைவலி? வைப்பருக்கு ஒரு சுவிட்ச், ஹாரனுக்கு ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போடும் சுவிட்ச்), லைட்டுக்கு ஒரு ரிலே. டேஷ்போர்டில் நாலு ஓட்டை போட்டு நேராக வயர் இழுத்துவிடுங்கள். என் பழைய 24 வோல்ட் லாரி பதினைந்து வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. பெட்டியும் இல்லை, கோடும் இல்லை.

வயரிங் வாத்தியார் (பதிவு 3)

லாரிக்காரரே, உங்கள் வண்டியில் சுவிட்ச் வழியாகவே கரண்ட் ஓடும். தம்பியின் வண்டியில் சுவிட்ச் வெறும் செய்தி சொல்லும் ஆள். வேலையைச் செய்வது பெட்டி. அதே பெட்டிதான் சாவியையும் அடையாளம் பார்க்கிறது போலிருக்கிறது. வைப்பருக்கு வயர் இழுப்பீர்கள், சரி. சாவியைப் பார்த்துத் தலையாட்ட யாரை வைப்பீர்கள்?

தம்பி, 4,000-ஐ அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். யூ0140 என்றால் பாடி மாட்யூலோடு பேச்சு நின்றுபோனது என்று வண்டியின் மற்ற மாட்யூல்கள் எழுதி வைத்த புகார். அடுத்த வீட்டுக்காரர் "இரண்டு நாளாக அவரைக் காணோம்" என்று சொல்வது போல. ஆள் செத்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம் இல்லை. கரண்ட் வராமல் இருக்கலாம், அர்த் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) விட்டிருக்கலாம், பேசும் வயர் அறுந்திருக்கலாம். பெட்டியும் போயிருக்கலாம். மற்ற மூன்றையும் பார்க்காமல் நாலாவதைச் சொல்வது ஊகம்.

சாதாரண மல்டிமீட்டர் போதும். இவற்றைப் பார்த்து எழுதுங்கள்:

வண்டி நின்று இரண்டு மணி நேரம் கழித்துப் பேட்டரி எவ்வளவு காட்டுகிறது? 12.6 அருகில் இருந்தால் நல்லது. ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் வர வேண்டும்.

ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன் எல்லாம் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையைப் பெட்டியின் அர்த் பின்னிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அர்த் மோசம். வெறும் ஓம் பார்த்து அர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம் பூஜ்யம்தான் காட்டும், லோடு ஏறினால்தான் சாயம் வெளுக்கும்.

அப்புறம் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவில் ஓம் பாருங்கள். அது கேன் லைன், மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயர். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும், சேர்த்து 60 காட்டினால் லைன் முழுசாக இருக்கிறது. 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் விட்டிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் உரசிக்கொண்டிருக்கின்றன.

வடக்கஞ்சேரி ஸ்கேனர் (பதிவு 4)

வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஸ்கேனரில் கோடு மட்டும் படித்துவிட்டு மூடாமல் லைவ் டேட்டா பார்க்கச் சொல்லுங்கள். வைப்பர் சுவிட்சைத் தொடாமலே அங்கே "ஆன்" என்று காட்டினால், பெட்டிக்குத் தப்பான செய்தி போகிறது. பல வண்டிகளில் வைப்பர் சுவிட்சுக்கு ஒரே வயர்தான். ஒவ்வொரு நிலைக்கும் வேறு வேறு ரெசிஸ்டன்ஸ், அதை வைத்துத்தான் ஸ்லோவா ஃபாஸ்டா என்று பெட்டி புரிந்துகொள்ளும். நடுவில் ஈரமோ களிம்போ புகுந்தால் கணக்கு மாறும், அதற்கு ஸ்லோ என்று கேட்கும். உங்கள் சுரங்கத்துப் பேய் அதுவாக இருக்கலாம்.

பழைய பெட்டி பற்றி: அப்படியே மாட்டினால் ஓடாது. அதற்குள் வேறு வண்டியின் சேசிஸ் நம்பர், வேறு சாவி. உங்கள் பெட்டியின் மெமரியைப் படித்து அதில் எழுதினால் ஓடும். குளோனிங் என்பார்கள். பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்க வேண்டும். பவர் விண்டோ இல்லாத வண்டிக்கு ஒன்று, இருக்கிற வண்டிக்கு ஒன்று என்று வரும், வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

வேலந்தாவளம் ரெண்டு வண்டி (பதிவு 5)

தம்பி, நான் இரண்டு பிக்கப் வைத்து ஓட்டச் சொல்கிறவள், எலக்ட்ரிகல் தெரியாது, பணம் போன கதை தெரியும். பழைய பெட்டி வாங்கினால் பில்லோடு வாங்குங்கள். எந்த வண்டியில் கழற்றியது என்று சொல்லாத கடையில் வாங்க வேண்டாம். திருட்டு வண்டிச் சாமான் என்று பின்னால் யாராவது வந்து நின்றால் ஓணமும் போகும், நிம்மதியும் போகும்.

இன்ஷூரன்ஸ் கேட்கலாம் என்று நினைத்தால் அதையும் விட்டுவிடுங்கள். மோட்டார் பாலிசியில் எலக்ட்ரிகல் பிரேக்டவுன் சேராது என்று எழுதியே இருக்கிறது. நான் கேட்டு அனுபவப்பட்டாயிற்று.

ஒரு கேள்வி. வாகனம் நிற்பது எங்கே? ஷெட்டிலா, வெளியிலா?

கொழிஞ்சாம்பாறை காய்வண்டி (பதிவு 6)

வெளியில்தான் அக்கா, தென்னைமரத்தடியில்.

வாத்தியாரே, பார்த்துவிட்டேன். பேட்டரி 12.5. ஓடும்போது 14.1. அர்த் 0.04 வோல்ட்தான். கேன் 60.4 ஓம். எல்லாம் சரியாக இருக்கிறதே என்று எனக்கு வருத்தமே வந்துவிட்டது. ஒரு அர்த் போல்ட் முறுக்கினால் முடிந்துவிடும் என்று ஆசைப்பட்டேன்.

அப்புறம் டிரைவர் கால் பக்கத்துப் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினேன். அந்த அர்த் பின் பார்க்க எப்படியும் கழற்றத்தானே வேண்டும். பெட்டியில் வயர் சொருகும் கப்ளர்களில் மேலே இருப்பதைப் பிடுங்கியதும் பச்சைப் பொடி கொட்டியது. நாலு பின் பாசி பிடித்த மாதிரி இருக்கிறது. தரை விரிப்புக்கு அடியில் ஈரம், மண் வாசம். கீழே இருக்கும் கப்ளர் மட்டும் புதுசு போல இருக்கிறது.

பார்க்கிங் கரண்ட், அதாவது வண்டி சும்மா நிற்கும்போது பேட்டரியிலிருந்து போகும் கரண்ட், பார்க்கலாம் என்று மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து நெகட்டிவோடு சீரியலில் போட்டேன். மறந்துபோய் சாவியைத் திருப்பி செல்ஃப் அடித்துவிட்டேன். மீட்டர் ஃபியூஸ் போனது.

மீனாட்சிபுரம் லாரி (பதிவு 7)

பெட்டியை அரிசி மூட்டைக்குள் ஒருநாள் புதைத்து வையுங்கள் பங்காளி. என் போன் அப்படித்தான் பிழைத்தது.

வயரிங் வாத்தியார் (பதிவு 8)

அரிசியைச் சோறு ஆக்குங்கள். அது ஈரத்தைப் பெரிதாக ஒன்றும் இழுக்காது, களிம்பை நிச்சயமாக எடுக்காது. தவிட்டுத் தூசி வேறு உள்ளே போகும்.

தம்பி, இப்போது சர்வீஸ் சென்டர் சொன்னது பாதி சரியாகிவிட்டது. பெட்டிக்கு அடி விழுந்திருக்கிறது. ஆனால் மேல் கப்ளர் பச்சை, கீழ் கப்ளர் சுத்தம் என்கிறீர்களே, அதுதான் எனக்கு முக்கியம். தரையில் தேங்கிய தண்ணீர் என்றால் கீழேதான் முதலில் கெடும். இது மேலிருந்து வயர் வழியாக இறங்கியிருக்கிறது. கயிற்றில் தண்ணீர் ஊர்ந்து வருவதைக் கிணற்றடியில் பார்த்திருப்பீர்கள். வயர் கட்டும் அப்படித்தான். இதை அடைக்காமல் 18,500 ரூபாய்ப் பெட்டியை மாட்டினால் அடுத்த மழைக்கு அதுவும் பச்சையாகும்.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பத்து நிமிடம் விட்டு, பெட்டியை எடுத்து மூடியைத் திறந்து போர்டைப் படம் எடுத்துப் போடுங்கள். கழுவுவதற்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ். பெட்ரோல் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். நிழலில் ஒருநாள் முழுக்கக் காயட்டும்.

பார்க்கிங் கரண்டுக்கு: கதவைத் திறந்து வைத்தால் பெட்டி தூங்காது. லாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இறங்க வேண்டும். இரண்டு ஆம்பியரில் நின்றால் ராத்திரி பத்து மணி நேரத்தில் 20 ஆம்பியர் அவர் போயிருக்கும், அப்புறம் காலையில் செல்ஃப் எங்கே அடிக்கும்? சாவியைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஃபியூஸ் என் கணக்கு.

வேலந்தாவளம் ரெண்டு வண்டி (பதிவு 9)

கேபினுக்கு மேலே கேரியர் போட்டிருக்கிறீர்களா? தார்ப்பாய், கயிறு வைக்க?

கொழிஞ்சாம்பாறை காய்வண்டி (பதிவு 10)

போட்டிருக்கிறேன் அக்கா. ஏன்?

வேலந்தாவளம் ரெண்டு வண்டி (பதிவு 11)

என் சின்ன வண்டியில் கூரையில் ட்ரில் போட்டு போல்ட் இறக்கினார்கள். ஆறு மாதத்தில் சீட் நனைந்தது. உங்களுக்கு சீட் நனையாமல் வயரில் இறங்கியிருக்கலாம். கண்ணாடி ரப்பரையும் பாருங்கள், இரண்டில் ஒன்று.

கண்டுபிடிக்க எங்கள் பெயிண்டர் செய்த முறை: ஒருவர் உள்ளே டார்ச்சோடு. ஒருவர் வெளியே ஹோஸோடு, தண்ணீரை மெதுவாக விட்டுக் கீழே கண்ணாடி ஓரத்திலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். எடுத்ததும் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து எது வழி என்றே தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். உள்ளே பழைய தினத்தாள் துண்டுகளை ஒட்டி வைத்தால் எது முதலில் நனைகிறது என்று தெரிந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறை காய்வண்டி (பதிவு 12)

அக்கா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

கண்ணாடி ஓரம் இருபது நிமிடம் விட்டேன், ஒன்றும் இல்லை. கேரியரின் வலது முன் போல்ட்டில் விட்டதும் மூன்று நிமிடத்தில் உள்ளே மச்சினன் கத்தினான். கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணுக்குள் போகும் வயர் கட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கி, நேராகப் பெட்டியின் மேல் கப்ளரில் விழுகிறது. அந்த ஓட்டையைப் போட்டது யாரோ இல்லை, நான்தான். இரண்டு வருடம் முன்னால் வெல்டிங் கடையில் ட்ரில் வாங்கி நானே போட்டேன். வாஷர்கூட வைக்கவில்லை.

போர்டு படம் இணைத்திருக்கிறேன். ஒரு சிப்பின் இரண்டு கால் கரைந்துவிட்டது. பக்கத்தில் போர்டில் கரண்ட் ஓடும் டிராக் ஒன்று கறுத்துப்போய் இருக்கிறது. கழுவிக் காயவைத்து மாட்டினேன். இப்போது வண்டி எடுக்கிறது, வைப்பர் சொன்னபடி கேட்கிறது, வலது பார்க்கிங் லைட் மட்டும் செத்துவிட்டது. பார்க்கிங் கரண்ட் 0.03 ஆம்பியர். இப்படியே ஓணம் வரை ஓட்டிவிடலாமா?

வடக்கஞ்சேரி ஸ்கேனர் (பதிவு 13)

படம் பார்த்தேன். கால் போனது லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் சிப். மெமரி இருக்கும் பக்கம் சுத்தமாக இருக்கிறது, இன்றைக்கே படித்து வைத்துக்கொள்ளலாம். பழைய பெட்டி கிடைத்தால் ஒரு மணி நேர வேலை.

வயரிங் வாத்தியார் (பதிவு 14)

மெமரியைப் படித்து வைப்பது நல்லது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குளோன் போடுவதில் எனக்கு மனம் இல்லை. பழைய பெட்டி எந்தத் தண்ணீரில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? வெள்ளத்தில் முங்கிய வண்டிச் சாமானும் அதே அலமாரியில்தான் உட்கார்ந்திருக்கும். சில வண்டிகளில் மீட்டர் ஓடிய கிலோமீட்டர் கணக்கும் இந்தப் பெட்டியில் ஒரு நகல் இருக்கும். தப்பாக எழுதினால் கணக்கு ஒத்துப்போகாமல் விற்கும்போது பதில் சொல்ல வேண்டிவரும்.

கழுவிய பெட்டியை நம்பி ராத்திரி ஓட்டாதீர்கள். கால் கரைந்த இடத்தில் களிம்பு சிப்புக்கு அடியிலும் இருக்கும், பிரஷ் அங்கே போகாது. நெம்மாறை ரோட்டில் வேகமாகப் போகும்போது இரண்டு ஹெட்லைட்டும் அணைந்தால் என்ன செய்வீர்கள்? புதுசு ஆர்டர் போடுங்கள். வரும் வரை பகல் லோடு மட்டும்.

வடக்கஞ்சேரி ஸ்கேனர் (பதிவு 15)

ஐயா, வெள்ளச் சாமான் விஷயம் நியாயம்தான். நானே திறந்து பார்க்காமல் எதையும் எழுதுவதில்லை. ஆனால் எல்லோராலும் பத்து நாள் வண்டியை நிறுத்த முடியாதே. தவணை கட்டுகிறவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள்.

வயரிங் வாத்தியார் (பதிவு 16)

அதுவும் நியாயம்தான். பில்லும் இருந்து, போர்டும் சுத்தமாக இருந்தால் செய்யுங்கள். தம்பிக்குப் பகல் லோடு கிடைக்கும் என்றால் தேவையில்லை.

கொழிஞ்சாம்பாறை காய்வண்டி (பதிவு 17)

பகல் லோடு பாதி வாடகைதான், இருந்தாலும் கிடைத்தது. பொள்ளாச்சி இளநீர் பாலக்காடு வரை. புதுசு ஆர்டர் போட்டுவிட்டேன். மெமரியும் படித்து வைத்தாயிற்று, வடக்கஞ்சேரித் தம்பி காசு வாங்க மாட்டேன் என்றார், ஒரு பெட்டி தக்காளி இறக்கிவிட்டு வந்தேன்.

வயரிங் வாத்தியார் (பதிவு 18)

மாட்டப் போகும்போது இவற்றைக் கவனியுங்கள். புதுப் பெட்டி காலியாக வரும். உங்கள் சேசிஸ் நம்பர், உங்கள் வண்டியில் என்னென்ன இருக்கிறது என்ற விவரம், சாவி, மூன்றும் ஏற்ற வேண்டும். இருக்கிற எல்லாச் சாவியையும் கொண்டு போங்கள். கோடிங் நடக்கும்போது பேட்டரி இறங்கினால் பெட்டி பாதியில் மாட்டிக்கொள்ளும், புதுப் பெட்டியே வீணாகலாம். சார்ஜர் அல்லது சப்போர்ட் மாட்டச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். பச்சையான கப்ளர் பின்களையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய பின்னில் புதுப் பெட்டியைச் சொருகினால் களிம்பு அங்கேயும் ஒட்டும்.

இன்னொன்று. பாடியைச் சுற்றி எல்இடி மாலை போட்டிருக்கிறீர்களா? ஹெட்லைட்டில் என்ன பல்பு?

கொழிஞ்சாம்பாறை காய்வண்டி (பதிவு 19)

எல்இடி பக்கத்துக்கு எட்டு, பார்க்கிங் வயரில் இழுத்தது. ஹெட்லைட்டில் 100/90 வாட் பல்பு. மழையில் தெரியவில்லை என்று போட்டேன்.

வயரிங் வாத்தியார் (பதிவு 20)

சாதாரண 60/55 வாட் பல்பு ஒன்று ஐந்து ஆம்பியர் இழுக்கும். 100 வாட் எட்டுக்கு மேல். இரண்டுக்கும் சேர்த்துப் பதினாறு ஆம்பியரை மெல்லிய வயரில் ராத்திரி முழுக்க ஓட்டியிருக்கிறீர்கள். கழற்றிவிட்டுக் கம்பெனி வாட்டில் நல்ல பல்பு போடுங்கள், லென்ஸைத் துடையுங்கள். எல்இடி வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி வயர், நடுவில் ரிலே. பார்க்கிங் வயர் அந்த ரிலேயை மட்டும் இழுக்கட்டும். உள்ளே இருக்கும் கம்பிச் சுருளுக்கு (காயில்) டயோடு உள்ள ரிலேயாகக் கேட்டு வாங்குங்கள்.

மீனாட்சிபுரம் லாரி (பதிவு 21)

பார்த்தீர்களா, கடைசியில் வாத்தியாரும் ரிலேயில்தான் வந்து நின்றார்.

கொழிஞ்சாம்பாறை காய்வண்டி (பதிவு 22)

வேலை முடிந்தது. பதினொரு நாள் ஆனது. வண்டி பெயரில் இரண்டு சாவி, ஒன்றுதான் என்னிடம் இருந்தது. இன்னொன்று மச்சினன் வீட்டில் நெம்மாறையில். வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்து பாதி வழியில் திரும்பிப் போய் எடுத்து வந்தேன். சப்போர்ட் சார்ஜர் கேட்டதும் பையன் ஒரு மாதிரி பார்த்தான், ஆனால் எடுத்து வந்து மாட்டினான். கோடிங் நாற்பது நிமிடம். முதல் தடவை பவர் விண்டோ இருக்கிறது என்று ஏற்றிவிட்டார்கள், என் வண்டியில் கைப்பிடி சுற்றுவதுதான். மறுபடி சரிசெய்தார்கள். பின்னுக்கும் சேர்த்து 19,200.

கேரியர் போல்ட் நாலையும் கழற்றி, துரு தேய்த்து, ரப்பர் வாஷர் வைத்து சீலன்ட் அடித்தேன். வயர் கட்டை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டுப் பிறகு பெட்டிக்கு மேலேற்றினேன், தண்ணீர் வந்தாலும் வளைவிலேயே சொட்டிவிடும். அப்புறம் அரை மணி நேரம் ஹோஸ் அடித்தேன். தினத்தாள் காய்ந்தே இருந்தது.

நேற்று ராத்திரி குதிரானில் வைப்பரை நிறுத்தினேன். நின்றது. அந்தப் பக்கம் வெளியே வரும் வரை கையைச் சுவிட்சிலிருந்து எடுக்கவில்லை.

வேலந்தாவளம் ரெண்டு வண்டி (பதிவு 23)

சந்தோஷம் தம்பி. அந்தப் பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வயரிங் வாத்தியார் (பதிவு 24)

ஆனைமலைப் பக்கம் வந்தால் என்னிடம் கொடுங்கள். பையன்களுக்குக் காட்ட நல்ல பச்சை பிடித்த போர்டு ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். மீட்டர் ஃபியூஸ் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

மீனாட்சிபுரம் லாரி (பதிவு 25)

இங்கே மழை பிடித்துக்கொண்டது. கூரை மேல் ஏறி எண்ணிப் பார்த்தேன், என் லாரியில் ஆறு போல்ட். அக்கா, அந்த சீலன்ட் எந்தக் கடையில் கிடைக்கும்?